எட்டு ரூபாய் வித்தியாசம்

"அக்கா, இந்த 154 ரூபாய் எதுக்குப் பிடிச்சிருக்காங்க?"

2019 அக்டோபர், ஐசியூவில் நர்ஸ்கள் எங்களுக்கு நைட் டியூட்டி, விடியற்காலை நாலரை மணி இருக்கும். எல்லா பெட்டுக்கும் யூரின் அளந்து சார்ட்டில் எழுதிவிட்டு, ஃப்ளாஸ்கில் மிச்சமிருந்த டீயை ஆளுக்குக் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கேட்டவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. முழு மாதச் சம்பள ஸ்லிப் அவளுக்கு அதுதான் முதல் தடவை. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"அது இ.எஸ்.ஐ.ம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. என் ஸ்லிப்பில் அதே வரியில் 146 இருக்கும்.

இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அதற்கு நம் பங்கு அந்த வருஷம் ஜூலையிலிருந்து சம்பளத்தில் 0.75 சதவீதம். எல்லாருக்கும் ஒரே சதவீதம்தான். என்னைவிட எட்டு ரூபாய் அதிகம் பிடிக்கப்படுகிறவள் என்னைவிட ஆயிரத்துச் சொச்சம் அதிகம் வாங்குகிறாள் என்று அர்த்தம். பிறகு சரியாகவே தெரிந்தது: எனக்கு 19,400, அவளுக்கு 20,500. எனக்கு அதே ஆஸ்பத்திரியில், அதே ஐசியூவில் பத்து வருஷம் நாலு மாத சர்வீஸ். அவளுக்கு வெளியே பார்த்ததையும் சேர்த்து மொத்தம் இரண்டரை வருஷம். எங்களிடம் இருந்த இரண்டு மாதமும் அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்தது நான்.

அவள்மேல் கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், அவளுக்கு ஏன் என்றே தெரியாது.

மதுரையில் 250 படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி அது. ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு 2009 ஜூனில் 5,200 ரூபாய்க்குச் சேர்ந்தேன். 2012 வாக்கில் கேரளத்தில் நர்ஸ்கள் ஸ்ட்ரைக் செய்த காலத்தில் இங்கேயும் இரண்டு தடவை கணிசமாகக் கூட்டினார்கள். ஐசியூ அலவன்ஸும் வந்தது. 2014-ல் என் சம்பளம் 15,200. அதற்கப்புறம் வருஷா வருஷம் ஏப்ரலில் 5 சதவீதம், அச்சு மாறாமல்.

அந்த நைட் முடிந்து வீட்டுக்குப் போய், தூக்கம் வராமல், பையனுடைய ரஃப் நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன். 2014-ல் எங்கள் ஆஸ்பத்திரியில் படித்து முடித்து நேராக வருகிற பெண்ணுக்கு 9,000. எனக்கு 15,200. ஐந்து வருஷ அனுபவத்துக்கு அவர்கள் வைத்திருந்த விலை 6,200 ரூபாய். 2019-ல் புதிதாக வருகிறவளுக்கு 14,000, எனக்கு 19,400. பத்து வருஷ அனுபவத்தின் விலை 5,400. இன்னும் ஐந்து வருஷம் வேலை பார்த்ததில் என் அனுபவம் 800 ரூபாய் மலிந்திருக்கிறது! கொட்டை எழுத்தில் அதை எழுதிவிட்டுத்தான் படுத்தேன்.

இந்தக் கணக்கை எல்லாரும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு என்றுதான் நாம் பார்க்கிறோம். இன்று உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நுழைகிறவளுக்கு எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தொகைதான் உங்கள் அனுபவத்துக்குக் கிடைக்கிற சம்பளம். மற்றதெல்லாம் நர்ஸ் என்ற பெயருக்குக் கிடைப்பது.

அனுபவம் என்று எதைச் சொல்கிறேன்? ஒரு சம்பவம் போதும். நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்த ஒரு நோயாளி. சிரிஞ்ச் பம்பில் மருந்து தீரப்போவதாக அலாரம் அடித்தது. புதிய பெண் வேறு சிரிஞ்சில் மருந்தைக் கலந்து தயாராக வைத்திருந்தாள். அதில் குறை இல்லை. ஓடுகிற பம்பை நிறுத்தி, பழைய சிரிஞ்சைக் கழற்றிப் புதியதை மாட்டப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த மனிதருக்கு பிரஷரே அந்த மருந்தில்தான் நின்றுகொண்டிருந்தது. மாற்றுகிற அரை நிமிஷத்தில் சறுக்கிவிடும். பக்கத்தில் இன்னொரு பம்பை வைத்து, புதிய சிரிஞ்சை அதில் ஏற்றி, அதே வேகத்தில் ஓடவிட்டேன். மானிட்டரில் பிரஷரைக் காட்டுகிற ஆர்ட்டீரியல் லைன் அலையைப் பார்த்துக்கொண்டே, பிரஷர் லேசாக ஏற ஆரம்பித்ததும் பழைய பம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன். நாலைந்து நிமிஷ வேலை. நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை. எதுவும் ஆகாததால் சார்ட்டிலும் எதுவும் ஏறவில்லை. மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர், "பேஷன்ட் ஸ்டேபிள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போனார்.

நம் அனுபவத்தின் சிக்கல் இதுதான். அது வேலை செய்யும்போது கண்ணுக்குத் தெரியாது.

அப்படியானால் பழைய ஆட்களுக்கு ஆஸ்பத்திரி எதுவுமே செய்யவில்லையா என்றால், செய்தது. 2019 மே 12, நர்ஸஸ் டே அன்று அந்த வருஷம் பத்து வருஷம் முடிக்கிறவர்களை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு ஷீல்டும் ஒரு ஹாட் பாக்ஸும் கொடுத்தார்கள். ஹாட் பாக்ஸ் நல்ல ஹாட் பாக்ஸ், இன்னும் சப்பாத்தி வைக்கிறேன். ஷிப்ட் இன்சார்ஜ் என்று பெயர் போட்டு மாதம் 500 ரூபாய். அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் செய்தபோது ரூம் வாடகையைத் தள்ளுபடி செய்தார்கள். அதை மறக்க முடியாது. ஆஃப் கேட்ட நாளில் கிடைக்கும், தீபாவளிக்கு டியூட்டி போட மாட்டார்கள். டாக்டர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இந்த வசதிகளையெல்லாம் நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஃப் ஆயிரம் ரூபாய்க்குச் சமம். ஆனால் அவை எதுவும் பி.எஃப்.-ல் சேராது, வேலையை விடும்போது தருகிற கிராஜுவிட்டியில் வராது, வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டும் போக முடியாது.

ஆஸ்பத்திரி பக்கமும் ஒரு கணக்கு இருந்தது. அந்த வருஷம் ஐசியூவிலிருந்து மட்டும் ஐந்து பேர் போய்விட்டார்கள். மூன்று பேர் வளைகுடா, ஒருத்தி அயர்லாந்து, ஒருத்தி கல்யாணமாகி ஓசூர். ஆஸ்பத்திரித் தரச் சான்றிதழுக்கான என்.ஏ.பி.எச். ஆடிட் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வென்டிலேட்டரில் இருக்கிற நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று ரோஸ்டரில் காட்டியாக வேண்டும். 17,000 என்று விளம்பரம் போட்டார்கள், யாரும் வரவில்லை. 20,500 என்றதும் வந்தார்கள். வெளியே இருப்பவளை வரவழைக்க விலை கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவளுக்குப் பிள்ளைகளின் ஸ்கூல் பக்கத்தில், வீட்டுக்காரருடைய கடை பக்கத்தில். எங்கே போகப் போகிறாள் என்ற நினைப்பு. என் விஷயத்தில் அந்த நினைப்பு பத்து வருஷம் சரியாகவே இருந்தது.

முதல் தடவை நான் கேட்ட விதம் தப்பு. நேராக ஹெச்.ஆரிடம் போய், "அவளுக்கு எப்படி 20,500?" என்று கேட்டேன். அவர் நிதானமாக, "அவங்க மார்க்கெட் ரேட்ல வந்தவங்க சிஸ்டர். உங்களுக்குப் பழைய ஸ்ட்ரக்சர்" என்றார். "அப்ப நான் ரிசைன் பண்ணிட்டு அடுத்த மாசம் இன்டர்வியூவுக்கு வந்தா?" என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். இதன் விளைவு மறுநாள்தான் தெரிந்தது: அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, சம்பள ஸ்லிப்பை ஏன் மற்றவர்களிடம் காட்டினாய் என்று திட்டி எழுதி வாங்கியிருக்கிறார்கள். அழுதுகொண்டு வந்தாள். என் வாயால் அவளுக்கு வந்த வினை. மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்றாள். ஆனாலும் அதற்குப் பிறகு அவள் போனை என் பக்கம் திருப்பியதே இல்லை.

அடுத்தவர் சம்பளத்தை வைத்து வாதாடக் கூடாது. உங்கள் கணக்கை மட்டும் வைத்துப் பேசுங்கள்.

இரண்டாவது தடவை அப்படித்தான் போனேன், ஒரு தாளோடு. மூன்று வருஷத்தில் என்னிடம் ஓரியண்டேஷன் முடித்த 23 பேர், டயாலிசிஸில் ஆள் இல்லாதபோது நான் போய்ப் பார்த்த டியூட்டிகள், இன்சார்ஜாக இருந்த நைட்டுகள் எல்லாம் அதில் இருந்தன. இதை எழுதும்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 23 பேருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன், ஆனால் ட்ரெயினிங் ரெஜிஸ்டரில் 'பயிற்சி அளித்தவர்' என்ற கட்டத்தில் பாதிக்கு மேல் வேறு பெயர், இல்லையென்றால் காலி. ஆடிட்டர்கள் கேட்பது அந்த ரெஜிஸ்டரைத்தான். அன்றன்றைக்கே அதில் கையெழுத்துப் போடுங்கள், மாதம் ஒரு தடவை போட்டோ எடுத்து வையுங்கள். நர்சிங் சூப்பிரண்டென்ட் மேடம் என் தாளைப் படித்துவிட்டு, "நீ சொல்றது நியாயம்தான்ம்மா" என்று மேலே அனுப்பினார். ஏப்ரலில் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று என் தம்பி கேட்டான். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களின் சம்பளம் பற்றிய வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி, மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அந்த மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 100 முதல் 200 வரை என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50-க்கும் கீழே என்றால் குறைந்தது 20,000 என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரைதான், மாநிலங்கள்தான் அமல்படுத்த வேண்டும். கேரளம் 2018-ல் குறைந்தபட்சம் 20,000 என்று அறிவித்தது. 250 படுக்கை உள்ள எங்கள் இடத்தில் இந்தப் பேச்சே எழவில்லை.

அரசு வேலையில் சேர்ந்த தேதிதான் ராஜா. வருஷத்துக்கு 3 சதவீத இன்க்ரிமென்ட், அகவிலைப்படி, பத்து வருஷத்தில் தேர்வு நிலை, இருபதில் சிறப்பு நிலை. ஆனால் அங்கேயும் வாசலில் ஒரு வேடிக்கை உண்டு. என் செட்டில் படித்த ஒருத்தி ஆறு வருஷ தனியார் அனுபவத்தோடு 2015-ல் அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எம்.ஆர்.பி. பரீட்சை எழுதி உள்ளே போனாள். தொகுப்பூதியம் மாதம் 7,700! அந்த ஆறு வருஷத்துக்கு ஒரு பைசா இல்லை. 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் நடந்த போராட்டத்தில் அவளும் தரையில் உட்கார்ந்திருந்தாள். வெளிநாடு போனால் அனுபவத்துக்கு மரியாதை என்பதும் பாதிதான் உண்மை. வளைகுடாவுக்கு இரண்டு வருஷம் இருந்தால் கதவு திறக்கும். அதற்கு மேல் பத்து வருஷம் இருந்தாலும் அதே கதவுதான். 12 வருஷம் ஐசியூ பார்த்த எங்கள் சீனியர் ஒருவர் 2019-ல் இங்கிலாந்து போய், அங்கே பரீட்சை பாஸான பிறகு பேண்ட் 5 என்கிற நர்ஸ் சம்பள நிலையின் அடிமட்டத்தில்தான் ஆரம்பித்தார்: ஆண்டுக்கு 24,214 பவுண்டு, அந்த நாட்டில் கல்லூரி முடித்த பெண்ணுக்குக் கொடுப்பது. தொகை பெரிதுதான், இல்லையென்று சொல்லவில்லை.

நவம்பரில் ஊருக்குள்ளேயே இன்னொரு ஆஸ்பத்திரிக்கு இன்டர்வியூ போனேன். பத்து வருஷத்தில் முதல் இன்டர்வியூ, கை வேர்த்தது. இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. சொன்னால் அதற்கு மேல் இரண்டாயிரம் போட்டு முடித்துவிடுவார்கள். "நான் எதிர்பார்க்கிறது 27,000 சார்" என்று மட்டும் சொன்னேன். வென்டிலேட்டர், ஏ.பி.ஜி. என்று அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். 26,000-க்கு முடிந்தது. அதே நான், அதே கைதான். தெருவைத் தாண்டியதற்கு மாதம் 6,600.

ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு பழைய இடத்துக்கு வந்து சொன்னேன். இப்போது ஹெச்.ஆர். சிரிக்கவில்லை. 23,000 தருகிறோம், ஏப்ரலிலிருந்து என்றார். எழுத்தில் கொடுங்கள் என்றேன். "எங்க மேல நம்பிக்கை இல்லையா சிஸ்டர்?" நம்பிக்கை இருந்தது, லெட்டர்தான் இல்லை. ராஜினாமா கொடுத்தேன்.

சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை அவர்கள் வாங்கி வைத்திருந்தார்கள். அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது, பாண்ட் வாங்கக் கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சிலே சொல்லியிருக்கிறது. ஆனாலும் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. கவுன்சில் ரினியூவலுக்கு வேண்டும் என்று இன்டர்வியூவுக்கு முன்னாலேயே கேட்டு வாங்கி, திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். மறதியும் சில நேரம் உதவும்.

கிராஜுவிட்டியில் ஒரு நுணுக்கம். நான் சேர்ந்தது 2009 ஜூன் 15. டிசம்பர் முதல் வாரமே புது இடத்தில் வரச் சொன்னார்கள். ஜனவரியில்தான் முடியும் என்று சொல்லிவிட்டு டிசம்பர் 31 வரை இருந்தேன். ஆறு மாதத்துக்கு மேல் ஓடிய மிச்சத்தை முழு வருஷமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். பத்து வருஷம் ஆறரை மாதம் என்றால் பதினொன்று. கடைசி பேசிக், டி.ஏ. இரண்டும் சேர்ந்து 9,700. அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வருஷத்தால் பெருக்க வேண்டும். அவர்கள் பத்து வருஷம் என்று போட்டு 55,962 என்றார்கள். நான் பதினொன்று என்று எழுதிக் கொடுத்ததும் மறுபேச்சில்லாமல் 61,558 ஆனது. கேட்காமல் போனவர்கள் எத்தனை பேரோ. கிராஜுவிட்டிக்கு வேண்டிய ஐந்து வருஷம் முடிகிற நேரத்தில் அவசரப்பட்டு விடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இரண்டு மாதம் பொறுத்தால் மொத்தமாகக் கிடைக்கும். பி.எஃப். விஷயமும் அப்படித்தான். ஆஸ்பத்திரி மாறும்போதெல்லாம் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்து நகை வாங்கினால், பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருஷ எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பமாகும். பழைய நம்பரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் கோட்டை விட்டது ஒன்று. 21,000-க்கு மேல் சம்பளம் என்றால் புது இடத்தில் இ.எஸ்.ஐ. கிடையாது. தெரிந்த விஷயம்தான், கூட்டல் சந்தோஷத்தில் யோசிக்கவில்லை. அம்மாவின் சுகர், பிரஷர் மாத்திரையெல்லாம் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் வாங்கிக்கொண்டிருந்தேன். அது நின்றதும் மெடிக்கல் ஷாப் பில் 1,800. அந்த 6,600-ல் முதல் ஓட்டை அது. ஆஃபர் பேசும்போதே, குடும்பத்துக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் உண்டா, அப்பா அம்மாவும் அதில் சேருவார்களா என்று கேட்டிருக்க வேண்டும்.

புது இடத்தில் எல்லாம் புதிது. கம்ப்யூட்டரில் சார்ட், வேறு கம்பெனி வென்டிலேட்டர். அவசர மருந்துகள் இருக்கிற கிராஷ் கார்ட்டில் எந்த டிராயரில் எது என்று தெரியாமல் முதல் வாரம் தடுமாறினேன். எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தது அங்கே பன்னிரண்டு வருஷமாக இருக்கிற ஓர் அக்கா. டயாலிசிஸில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலாவில் கையை வைத்த உடனேயே இன்று ஓட்டம் சரியில்லை என்று சொல்லிவிடுவார்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் கேன்டீனில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா தன் பழைய இ.எஸ்.ஐ. கார்டை லேமினேட் செய்ய எடுத்து வந்திருந்தார். அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"உனக்கு கார்டு இன்னும் வரலையா? ஆபீஸ்ல போய்க் கேளு, இங்க ரொம்ப லேட் பண்ணுவாங்க."

"எனக்கு இ.எஸ்.ஐ. கிடையாதுக்கா."

இட்லியைப் பிட்ட கை நின்றது. 21,000 என்ற கோடு எங்கே இருக்கிறது என்று எங்கள் வேலையில் எல்லாருக்கும் தெரியும்.

"எவ்வளவு?"

அடுத்தவர் சம்பளத்தை எடுத்துப் பேசி ஒருத்தியை அழ வைத்தவள் நான். ஆனால் இது என் சம்பளம். சொன்னேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சாம்பாரை ஊற்றிக்கொண்டார், இட்லி முழுவதையும் சாப்பிட்டு முடித்தார், கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உன் பழைய ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் யூனிட் இருக்குன்னு சொன்னேல்ல," என்றார். "எத்தனை மெஷின்?"